மார்கழியில் நான்தான் தொடங்கினேன்

ஜன்னல் ஓரத்துல நீங்களே இருங்க தங்கச்சி, எனக்கு எதுத்த காத்து ஆகாது. இது அம்பை பஸ்ஸுதானே? போர்டைக்கூடப் பாக்காம ஏறிட்டேன். நீங்க கல்லிடைக்குறிச்சியா? சரிதான். நான் அதுக்கு அடுத்து, அம்பாசமுத்திரம்.

பட்டுச்சேலையைக் கட்டிக்கிட்டு ஒருத்தி ஒத்தையில வாராளே, கல்யாண வீட்டுல சண்டை போட்டுட்டு வாராளோன்னு யோசிக்கீங்கல்லா? கல்யாணமும் இல்ல, சண்டையும் இல்ல. என் ஓர்ப்படியா படம் வரைஞ்சிருக்கா. அதைத் திருநெல்வேலியில ஒரு ஹால்ல சுவரு முழுக்க ஒட்டி வச்சிருக்காக. இன்னைக்குத்தான் திறப்பு. குடும்பத்தோட வேன் பிடிச்சு வந்தோம். அவுகல்லாம் இன்னும் அங்கனதான் நிக்காக. நான் மட்டும் கிளம்பிட்டேன். ஒரே புழுக்கம். அம்புட்டு சனம் நிக்கி, ஒரு ஃபேனாவது ஒழுங்காச் சுத்தணும்லா?

பொறாமைன்னு நெனச்சிராதீங்க. பொறாமைப்பட அவகிட்ட என்ன இருக்கு? படம் வரையுதது நான். எங்க வீட்டுல படம் வரையுதவ யாருன்னு எங்க தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, சண்முகவடிவுன்னுதான் சொல்லுவாக. பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே மாவட்ட அளவுல பரிசு வாங்குனவ நான். கல்யாணம் ஆன புதுசுல நான் வரைஞ்ச முருகன் எங்க ஹால்ல கண்ணாடி போட்டுத் தொங்குது. வாரவுக எல்லாரும் கடையில வாங்குனதான்னு கேப்பாக.

அதுக்குப் பிறகா? அதுக்குப் பிறகு எங்க நேரம் இருந்துது? பிள்ளைகளை வளத்து ஆளாக்கணும்லா. அதோட, நெனச்ச உடனே வரைய இது என்ன தோசையா? மனசு கூடி வரணும். வெளிச்சம் வரணும். நல்ல தாள் வேணும். அதெல்லாம் தெரிஞ்சவளுக்குத்தான் தெரியும்.

அவ பேரு பிரம்மசக்தி. பிரமுன்னு கூப்பிடுவோம். என் கொழுந்தன் பொண்டாட்டி. நாங்க கீழ, அவுக மாடி, ஆனா அடுப்படி ஒண்ணு. அண்ணனும் தம்பியும் சேந்து பெயிண்டு கடை நடத்துதாக. பிரமு ஒரு பள்ளிக்கூட ஆபீசுல டைப் அடிக்கா. நல்ல பிள்ளைதான், பொய் சொல்லக் கூடாது. ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டா. ஆனா ஒரு கோலம் போடத் தெரியாது பாத்துக்கிடுங்க. அவ புள்ளி வச்சா ஒரு வரிசை வாசப்படியில இருக்கும், அடுத்த வரிசை எதுத்த வீட்டுக்குப் போயிரும். கல்யாணமாகி வந்ததுல இருந்து வாசல் கோலம் என் சோலிதான்.

போன மார்கழி பிறக்கதுக்கு முந்துன நாளு. நான்தான் சொன்னேன். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க, நான்தான் சொன்னேன். "மார்கழி முழுக்க வாசல்ல தெனம் ஒரு கோலம் போடுதோம்லா, அதே மாதிரி தெனம் தாள்ல ஒரு படம் வரைஞ்சா என்ன? யாரு விடாம வரையுதான்னு பாப்போம்"னேன். குடும்ப வாட்ஸப்பு குரூப்புலயும் போட்டேன். நாத்தனா, சித்தி மக, எல்லாரும் கையைக் கூப்பி, பூவு போட்டு, "அருமை மதினி"ன்னாக. ஒருத்தரும் வரையல. பிரமு மட்டும் அடுப்படியில நின்னுக்கிட்டு, "நானும் வரையட்டாக்கா?"ன்னு கேட்டா.

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. "வரையேம்ட்டி, யாரு வேண்டாம்னா?"ன்னேன்.

நான் கொழுந்தனைத் திருநெல்வேலிக்கு அனுப்பி கெட்டித் தாளு, பிரஷ்ஷு, கலரு எல்லாம் நல்லதா வாங்கி வரச் சொன்னேன். மொத நாளு ஆண்டாள் கையில இருக்க கிளி வரைஞ்சேன். அடடா, அந்த இறக்கையில பச்சையை மூணு விதமா இழைச்சிருந்தேன். குரூப்புல போட்டேன், எல்லாரும் கொண்டாடிட்டாக. மறுநாளு அதைவிட நல்லா வரையணும்லா? அதான் யோசிச்சேன். அதுக்கு மறுநாளு விருந்தாள் வந்துட்டாக. பிறகு ஒருநா வானம் மூடிக்கிட்டு வெளிச்சமே இல்ல. கிளிக்குப் பிறகு சும்மா எதையாவது கிறுக்க எனக்கு மனசு வரல. தரம்னு ஒண்ணு இருக்குல்லா.

இவ என்ன செஞ்சா தெரியுமா? ஹால்ல தொங்குற தினசரி காலண்டர்ல தெனம் ஒரு தாளு கிழிப்போம்லா, அந்தத் தாளுக்குப் பின்னால வரைஞ்சா. பால் பாயிண்ட் பேனா. அடுப்புல குக்கரை வச்சிட்டு, விசில் அடங்குததுக்குள்ள வரைஞ்சு முடிச்சிரணும்னு அவளே ஒரு சட்டம் போட்டுக்கிட்டா. மொத நாளு எலுமிச்சம்பழம். எனக்கு அது உருளைக்கிழங்கு மாதிரி இருந்துது. மறுநாளு கரண்டி. அதுக்கு மறுநாளு ஒரு காக்கா, கோழின்னு நெனச்சுக் "கொண்டை எங்கட்டி?"ன்னு கேட்டுட்டேன். அவளும் சேந்து சிரிச்சா. சிரிச்சிட்டு அதைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜு கதவுல ஒட்டி வச்சா. வெக்கமே இல்லாம.

மார்கழி முடிஞ்சுது. நானும் போகட்டும், இத்தோட விட்டுருவான்னு நெனச்சேன். பொங்கலன்னைக்குப் பொங்கப்பானையை வரைஞ்சு வச்சிட்டு, "அக்கா, நீங்கதானே பழக்கி விட்டீங்க, வரையலேன்னா பல்லு விளக்காத மாதிரி இருக்கு"ங்கா. என்ன உவமை பாருங்க. கலையைக் கொண்டுபோய்ப் பல்லு விளக்குதது கூடச் சேக்கா.

தை மாசம் என்கிட்ட வந்து, "கை எப்படிக்கா வரைய?"ன்னு கேட்டா. நான் உள்ளதைச் சொன்னேன். "கையெல்லாம் உனக்கு வராது. பெரிய பெரிய ஆளே திணறுவாக. சேலைக்குள்ள மறைச்ச மாதிரி போட்டுரு"ன்னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்? அம்புட்டுதான், அந்த மாசம் முழுக்கக் கையா வரைஞ்சு தள்ளுதா. தேங்கா திருவுத கை, பூ கட்டுத கை, ரிமோட்டைப் பிடிச்ச கொழுந்தன் கை. மொதல்ல எல்லாம் வாழைச்சீப்பு மாதிரிதான் இருந்துது. மாசக் கடைசியில, சரி, கையின்னு சொல்லலாம்.

அதுல இருந்து அவளுக்கு இதே பழக்கமாப் போச்சு. நான் என்ன குறை சொன்னாலும் அதையே அடுத்த மாசத்துக்கு எடுத்துக்கிடுவா. "அழிச்சு அழிச்சு வரையுதே, அது வரையுததா?"ன்னேன். அந்த மாசம் ரப்பரைத் தொடல. "ஒரு இடத்துல இருக்க சாமானைத்தானே வரையுதே, ஆடுத அசையுதத வரைய முடியுமா?"ன்னேன். ஸ்கூலு விட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டுல நின்னு போறவுக வாரவுகளை வரைய ஆரம்பிச்சிட்டா. கடலை விக்கவன், கண்டக்டரு, கைப்பிள்ளையை மாத்தி மாத்தித் தூக்குத பொம்பளை. நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா அவ அந்தக் காக்காயோட நின்னிருப்பா. என்ன செய்ய, தப்பைப் பாத்தா எனக்குச் சும்மா இருக்க முடியாது.

ஒருநா காலண்டர் தாளுல வம்பு வந்துது. கோயிலுக்குத் திருநீறு மடிச்சுக் கொடுக்கத் தாளு வேண்டியிருந்துது. நான் காலண்டர்ல வரப்போற தாளையும் சேத்துக் கத்தையாக் கிழிச்சு எடுத்துட்டேன். இது வீட்டுக் காலண்டர்தானே? அவ பேர்லயா அச்சடிச்சிருக்கு? எங்க வீட்டுக்காரவுக, "ஏன் வடிவு, பழைய பேப்பர் இம்புட்டு கிடக்கே"ன்னாக. பேப்பர் மை திருநீறுல ஒட்டும்லா? பிரமு அந்த வாரம் பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால வரைஞ்சா. நகத்து அளவுக்கு ஒரு கோயில் கோபுரம், தங்கச்சி! "நல்லதாப் போச்சுக்கா, சின்னதா வரையப் பழகிட்டேன்"ங்கா. நக்கல்தானே அது? நீங்க சொல்லுங்க. மூஞ்சியைப் பாத்தா நக்கல் மாதிரி இருக்காது. அதான் அவகிட்ட உள்ள கெட்டிக்காரத்தனம்.

இதுக்கெடையில வீட்டுக்கு யாரு வந்தாலும் ஃபிரிட்ஜுகிட்டதான் போய் நிக்காக. முருகனை ஏறெடுத்துப் பாக்கது இல்ல. என் மகளே ஊருல இருந்து போன் போட்டா, "சித்தி இன்னைக்கு என்ன வரைஞ்சா, போட்டோ அனுப்பும்மா"ங்கா. நான் என்ன அவளுக்குப் போட்டோகிராபரா?

சரி, காட்டுவோம்னு நானும் எறங்கினேன். பின்கட்டு அறையை ஒழிச்சு வெள்ளை அடிக்கச் சொன்னேன். சாய்வு மேசை செய்யச் சொன்னேன். கடைப் பெயிண்டுல நல்ல வெள்ளையா எடுத்து அடிச்சுக் கொடுத்தாக. வடக்க பாத்த ஜன்னல். வந்து பாத்தீங்கன்னா அசந்து போவீங்க, அப்படி ஒரு அறை. தெனம் போய் உக்காருவேன். எதைத் தொட்டாலும் இது கிளி அளவுக்கு வருமான்னு ஒரு யோசனை. அடுப்படியில விசில் கேக்கும். உடனே எனக்குக் கை நின்னுரும். என்னத்த வரையுதாளோன்னு எழுந்து போய்ப் பாத்துட்டு வருவேன். ஒரு தண்ணி குடிக்கப் போன மாதிரி.

ஆனியில பிரமுவோட அப்பா தவறிட்டாக. முக்கூடல்ல வீடு. நாங்க எல்லாரும் போயிருந்தோம். பதினாறாம் நாளு காரியமெல்லாம் முடிஞ்சு, சொந்தக்காரவுக சாப்பிட்டுக்கிட்டு இருக்காக. இவளைக் காணோம். தேடிப் போனா, பின்வாசப்படியில உக்காந்து வரைஞ்சுக்கிட்டு இருக்கா. எனக்கு வந்துது பாருங்க கோபம். "செத்த வீட்டுல என்னட்டி படம்? நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாக?"ன்னு கேட்டேன்.

அவ நிமிந்து பாத்தா. கண்ணு ரெண்டும் வீங்கிக் கிடக்கு. "இதையும் விட்டுட்டா இன்னைக்கு நான் எதைக்கா பிடிச்சுக்கிடுவேன்?"ன்னா.

கையில இருந்த தாளைப் பாத்தேன். அவுக அப்பா செருப்பு. ஒண்ணு நேரா இருக்கு, ஒண்ணு கவுந்து கிடக்கு. குதிகால் பக்கம் தேஞ்சிருக்கு. அம்புட்டுதான். வேற ஒண்ணும் இல்ல.

நல்லா இருந்துது. அதான் எனக்குத் தாங்கல. நான் உள்ள வந்துட்டேன். பாயசம் பரிமாற ஆள் இல்லாம இருந்துது, வாளியைத் தூக்கிட்டுப் போனேன்.

பிறகு ஒருநா, ஆடி பிறக்கப்போற சமயம், ரெண்டு பேரும் கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கோம். நான் சொன்னேன், "செருப்பு, கரண்டி எல்லாம் சரிதான் பிரமு. மனுஷ மூஞ்சி வரைஞ்சு, அதைப் பாத்த உடனே ஒருத்தன் 'இது இன்னாரு'ன்னு சொன்னான்னா, அப்ப ஒத்துக்கிடுதேன் உன்னை." அவ கீரையை அப்படியே வச்சிட்டு என் மூஞ்சியைப் பாத்தா. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. "சரிக்கா"ன்னா. அந்த மாசம் வரைஞ்சது ஒண்ணையும் ஃபிரிட்ஜுல ஒட்டல. கேட்டதுக்கு, "சரியா வரலக்கா"ன்னுட்டா. எனக்கு உள்ளுக்குள்ள எம்புட்டு நிம்மதி. வராதுல்லா. நான்தான் சொன்னேன்லா.

போன் அடிக்குது பாருங்க. அவதான். அடிக்கட்டும். எடுத்தா, "எங்கக்கா போனீங்க"ன்னு உருகுவா.

அவ ஸ்கூலுக்கு ஒரு ஓவியக்கார அம்மா வந்திருக்காக, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க. பிரமு மேசையில கிடந்த தாளைப் பாத்துட்டு, எல்லாத்தையும் கொண்டான்னு கேட்டிருக்காக. அப்படித்தான் இந்தக் கண்காட்சி. எங்க வீட்டுக்காரவுக என்கிட்ட சொல்லும்போது சந்தோஷத்துல குரலே மாறிப்போச்சு. முருகனைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து மாட்டுன மனுஷன், தங்கச்சி. நானும் சந்தோஷப்பட்டேன். இந்தச் சேலைகூட அதுக்குன்னு எடுத்துக் கட்டுனதுதான். சாமந்திப்பூ வாங்கி அவ தலையில நானே வச்சு விட்டேன். வேணும்னா அவகிட்டயே கேளுங்க.

ஹாலுக்குள்ள நுழைஞ்சேன். நாலு சுவருலயும் காலண்டர் தாளு. முன்பக்கத்து ராசிபலனும் ராகுகாலமும் மறுபக்கம் மங்கலாத் தெரியுது, அது மேல கரண்டியும் கையும் காக்காயும். அந்த உருளைக்கிழங்கைக்கூட விடல, மொத ஆளா மாட்டி வச்சிருக்கா. நான் ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே போறேன். கடைசிச் சுவருக்கு வந்தேன்.

ஒரு சுவரு முழுக்க நான்.

ஆமா, நான்தான். கீரை ஆயுத நான், ஈரத்துணி பிழியுத நான், பின்கட்டு அறையில மேசைக்கு முன்னால கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க நான். அந்த அறையை எப்பம் எட்டிப் பாத்தான்னு தெரியல. ஒரு காலேஜு பொண்ணு என் பக்கத்துல வந்து படத்தைப் பாக்கா, என்னைப் பாக்கா. "ஆன்ட்டி, இது நீங்கதானே?"ன்னு கத்திட்டா. அம்புட்டு சனமும் திரும்பிப் பாக்கு. எங்க வீட்டுக்காரவுக, "அப்படியே நீதான் வடிவு, அந்தப் பார்வை அப்படியே!"ன்னு சிரிக்காக.

என்ன பார்வை? நல்லா உத்துப் பாத்தேன். எல்லாப் படத்துலயும் கை ஒரு வேலை செய்யுது, கண்ணு மட்டும் ஓரத்துக்குப் போயிருக்கு. பக்கத்துல யாரோ எதையோ வச்சிருக்க மாதிரி, அதை எட்டிப் பாக்க மாதிரி. ஒண்ணுல இல்ல தங்கச்சி, எல்லாத்துலயும். நான் அப்படியா பாக்கேன்?

பிறகு மைக்கைப் பிடிச்சா. நாலு வார்த்தை பேச வராது அவளுக்கு. "எங்க அக்காதான் மார்கழியில ஆரம்பிச்சு வச்சாக. அக்கா ஒவ்வொரு மாசமும் எது முடியாதுன்னு சொன்னாகளோ, அதைத்தான் வரைஞ்சேன். அக்கா சொல்லலேன்னா அடுத்த மாசம் என்ன செய்யன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது"ன்னா. எல்லாரும் என்னைப் பாத்துக் கை தட்டுதாக. இதைவிட ஒருத்தியை அவமானப்படுத்த முடியுமா? பாராட்டுத மாதிரி பாராட்டி, நான் என்னவெல்லாம் சொன்னேன்னு ஊரு முன்னால வச்சிட்டாள்லா. அவ வேணும்னு செய்யல, தெரியும். அழுதுக்கிட்டுதான் பேசுனா. வேணும்னு செஞ்சிருந்தா நாலு வார்த்தை கேட்டுட்டு ஆறிப்போயிருப்பேன்.

எல்லாரும் காப்பி குடிக்கப் போன நேரம் பாத்து நான் வெளிய வந்துட்டேன். சும்மா வரல. இந்தா பாருங்க. ஒண்ணை உரிச்சு எடுத்துட்டு வந்துட்டேன். என் மூஞ்சிதானே, எனக்குப் பாத்தியதை இல்லையா?

என்ன? படத்தையும் பாக்கீங்க, என்னையும் பாக்கீங்க. சிரிப்பை அடக்காதீங்க. அந்தப் பார்வை எனக்கு இருக்கா? இப்பமா? இப்பம் வெயிலு நேரா கண்ணுல அடிக்கில்லா, அதான் அப்படித் தெரியுது.

சரி, கண்ணு கிடக்கட்டும் சவம். மூக்கு என் மூக்குதான், ஒத்துக்கிடுதேன். இந்தக் காதைப் பாருங்க. இது காதா? முறுக்குச் சுத்துன மாதிரி இருக்கு. காதுக்குள்ள ஒரு மேடு வளைஞ்சு வந்து இப்படி உள்ள எறங்கும், அதை விட்டுட்டா. அம்புட்டு தாளுலயும் அந்த மேடு இல்ல. ஒருத்தரும் கவனிக்கல. அந்த ஓவியக்கார அம்மாவும் கவனிக்கல. எப்படி வரையணும்னா... பேனா வச்சிருக்கீங்களா? எது எழுதுனாலும் போதும். கொண்டாங்க.

தாளு? இந்தக் கண்காட்சி அழைப்பிதழுக்குப் பின்னால வெறுமனேதானே இருக்கு. இது போதும். நீங்க அந்தப் பக்கம் ஜன்னலைப் பாருங்க. முடியைக் கொஞ்சம் ஒதுக்கிக்கிடுங்க. ஆங், அப்படித்தான். உங்களுக்கு நல்ல காது. மேடு நல்லாத் தெரியுது.

இந்த டிரைவரு ஒரு பள்ளத்தை விட மாட்டேங்கான் பாருங்க. கோடு இழுத்துட்டுப் போயிட்டு. போகட்டும், அதுமேலயே இன்னொண்ணு போட்டுக்கிடலாம். திரும்பாதீங்க. மேல வளைவு வந்துட்டு. இல்ல, இது சரியில்ல. இதுவும் முறுக்கு மாதிரிதான் வருது. இருங்க, இந்த ஓரத்துல இன்னொரு தடவை போடுதேன். பாக்கதுக்கு லேசுதான், பேனாவுக்குள்ள வர மாட்டேங்கு.

என்னது, கல்லிடைக்குறிச்சி வந்துட்டா? அதுக்குள்ளயா? எழுந்திரிச்சிராதீங்க தங்கச்சி, ஒரே ஒரு நிமிஷம். பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள போய்த்தானே நிக்கும். கண்டக்டர், இவுக எறங்கணும், கொஞ்சம் நிறுத்துங்க! நீங்க அசையாம இருங்க. அந்த மடல் மட்டும்தான் பாக்கி.